கேமரா குலுங்கினால் தலை சுற்றுகிறவர்கள் இங்கே இருக்கீங்களா?

தாமரைக்கொடி:
எல்லோருக்கும் வணக்கம். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி எடுத்த படங்களைத் தியேட்டரில் பார்த்தால் என்னால் தாங்க முடிவதில்லை. முதலில் கொட்டாவி வரும். அப்புறம் நெற்றி சில்லென்று வியர்க்கும், வாயில் எச்சில் ஊறும், வயிற்றைப் பிரட்டும். கண்ணை மூடினால் கொஞ்சம் அடங்கும், திறந்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடும். சண்டைப் படங்களிலும், கதாபாத்திரமே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக வரும் பேய்ப் படங்களிலும்தான் இது அதிகம். அதே படத்தை வீட்டில் டிவியில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. "சாப்பிடாமப் போயிருப்பே", "ஏசி ஒத்துக்கல", "பித்தம்" என்கிறார்கள். பயந்துபோய் எழுந்து வந்துவிட்டேன் என்றுகூட ஒரு தோழி சொன்னாள். பயமெல்லாம் இல்லை. பேய்ப் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கேமரா நின்று எடுத்திருந்தால் விடிய விடியப் பார்ப்பேன்.

இது ஏதாவது நோயா? எல்லோருக்கும் வராமல் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது? எந்த வரிசையில் உட்கார்ந்தால் குறையும்? இன்னொன்று ரொம்ப நாளாக மனதை அரிக்கிறது: படம் இப்படித்தான் இருக்கும் என்று டிக்கெட் எடுக்கும்போதே ஏன் யாரும் சொல்வதில்லை? தெரிந்தால் வேறு படத்துக்குப் போவேன், இல்லை பின் வரிசை கேட்டு வாங்குவேன். காசும் போய், கூட வந்தவர்களின் மாலைப் பொழுதும் கெட்டுப்போவது மிச்சம்.

கொல்லிமலைக்காரன்:
அக்கா, நீங்க தனியா இல்ல. எனக்கும் அப்படியே. எங்க மலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவு. அதுல பஸ்ஸுல நின்னுட்டே ஏறி இறங்கி வளர்ந்தவன், ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை. ஆனா ஓடிக்கிட்டே எடுத்த படம் பெரிய திரையில வந்தா எனக்கு வேர்த்துக் கொட்டும். பஸ்ஸு ஒத்துக்குது, சினிமா ஒத்துக்கல. ஏன்னு யாராவது தெரிஞ்சவங்க சொன்னா நல்லாருக்கும்.

செவிப்பறை:
நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். தலைசுற்றல் நோயாளிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இது நோய் இல்லை, பயமும் பித்தமும் இல்லை. நம் உட்செவியில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை அளந்து சொல்லும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் முன்னே, பின்னே, மேலே, கீழே நகர்வதையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்த்தும். மூளை இந்தக் காதுச் செய்தியையும், கண்ணில் படும் காட்சியையும், கழுத்து, கால் தசைகள் தரும் தகவலையும் சேர்த்து வைத்துத்தான் "நான் நகர்கிறேனா, நிற்கிறேனா" என்று முடிவுசெய்கிறது.

பஸ்ஸில் போகும்போது புத்தகம் படித்தால் காது "நகர்கிறோம்" என்கிறது, கண் "எதிரே எதுவும் அசையவில்லை" என்கிறது. தியேட்டரில் இது அப்படியே தலைகீழ். உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்கிறது, கண் முன்னால் உலகமே ஆடுகிறது. எழும்பூரில் நிற்கிற ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து வண்டி கிளம்பினால் நம்ம வண்டிதான் நகர்கிற மாதிரி ஒரு கணம் தோன்றுமே, அந்த உணர்வுதான் இதற்கு அடிப்படை. பார்வையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஏதாவது அசைந்தால், நாம்தான் அசைகிறோம் என்று மூளை எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம் என்ற கொள்கையை ரீசன், பிராண்ட் என்ற இருவர் 1975இல் புத்தகமாகவே எழுதினார்கள். இன்றும் பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம் அதுதான். உடம்பை நிலையாக நிறுத்திக்கொள்ள முடியாமல் போவதே முதல் காரணம் என்று ஸ்டாஃப்ரெகன் போன்ற ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள், அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

உட்செவி ஈடுபடுகிறது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பிறவியிலேயே காது கேளாதவர்களில் பலருக்குக் கடல் பயணத்தில் குமட்டலே வருவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882லேயே எழுதியிருக்கிறார். அவர்களில் பலருக்கு உட்செவியின் சமநிலை உறுப்பும் வேலை செய்யாது. காது செய்தி அனுப்பாவிட்டால் முரணும் இல்லை. ஆக, குமட்டல் வருவது உங்கள் காது சரியாக வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

சிலருக்கு மட்டும் ஏன் என்றால், பரம்பரையாக வருவதுண்டு. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அதிகம். இரண்டு வயதுக்குக் கீழே அரிது, பள்ளி வயதில் உச்சம், அப்புறம் மெல்லக் குறையும். ஆய்வுகளில் பெண்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். தம்பி கொல்லிமலைக்காரன், வளைவுகளில் நிற்கும்போது நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டு உடம்பையும் சாய்த்து ஈடுகொடுக்கிறீர்கள், கண்ணும் காதும் ஒத்துப்போகின்றன. நாற்காலியில் அந்த வசதி இல்லை.

தாமரைக்கொடி, உங்களுக்கு ஒற்றைத் தலைவலி உண்டா?

தாமரைக்கொடி:
உண்டு டாக்டர், கல்லூரிக் காலத்திலிருந்தே. அம்மாவுக்கும் உண்டு, அவங்களும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தவிர எங்கேயும் உட்கார மாட்டாங்க. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

மூன்றாம் கேமரா:
நான் ஒளிப்பதிவு உதவியாளர். இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரியும், எல்லாக் குலுக்கலும் ஒன்று கிடையாது.

கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் மூச்சுக்கு ஏற்ப ஃபிரேம் லேசாக மிதக்கும். அது யாரையும் படுத்தாது. பிரச்சினை பண்ணுகிறவை வேறு. முதலாவது ரோல், அதாவது அடிவானம் இடமும் வலமுமாகச் சாய்வது. எது மேல், எது கீழ் என்பதே ஆடிப்போகும். இரண்டாவது நீள லென்ஸ், அதாவது தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் லென்ஸ். அதே கை நடுக்கம் 24 எம்எம் லென்ஸில் இருப்பதைவிட 85 எம்எம் லென்ஸில் மூன்றரை மடங்கு பெரிதாகத் திரையில் தெரியும். இப்போது நிறைய சண்டைக் காட்சிகளை இப்படி நீள லென்ஸ் போட்டு நெருக்கமாகத்தான் எடுக்கிறார்கள். மூன்றாவது, கண் ஓரிடத்தில் நிலைகொள்வதற்குள் அடுத்த ஷாட் வேறெங்கோ போய்விடுவது.

இதற்கு 2007இல் வந்த 'தி போர்ன் அல்டிமேட்டம்' பற்றிய சர்ச்சையைச் சொல்லலாம். பால் கிரீன்கிராஸ் இயக்கியது. அதில் ஒரு ஷாட்டின் சராசரி நீளமே ஏறக்குறைய 2 விநாடிதான் என்று திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கிட்டு எழுதினார். தலை சுற்றியது, முன் வரிசையில் உட்கார முடியவில்லை என்று பார்வையாளர்கள் விமர்சகர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். அதே படம் படத்தொகுப்புக்கு ஆஸ்கரும் வாங்கியது. அந்த வேலையின் திறமையை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் பக்கத்தில் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தை வைத்துப் பாருங்கள். 2015இல் வந்தது, இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 ஷாட். வெட்டுகளின் வேகம் அவ்வளவு குறைவில்லை. முழுக்க முழுக்க வண்டிகள் ஓடுகின்றன, மோதுகின்றன, பறக்கின்றன. இருந்தும் அது கண்ணுக்குப் பிடிபடுகிறது. காரணம், முக்கியமான விஷயம் எப்போதும் ஃபிரேமின் நடுவில் இருக்க வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் மில்லர் கண்டிப்பாக இருந்தார். ஃபிரேமின் நடுவைக் காட்டும் குறுக்குக் கோடு முகத்தின் மேலேயே இருக்கும்படி ஒளிப்பதிவாளர் ஜான் சீல் எடுத்தார், மார்கரெட் சிக்ஸல் அதை நம்பித் தொகுத்தார். ஒரு ஷாட் முடியும் இடத்திலேயே அடுத்த ஷாட்டின் முக்கிய விஷயம் இருப்பதால் கண் திரை முழுக்க அலைய வேண்டியதில்லை. ஆக, குற்றம் வேகத்தில் இல்லை. பார்ப்பவரின் கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கொடுக்கிறோமா என்பதில் இருக்கிறது.

குலுக்கல் எப்போதும் கலைத் தேவையால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கேமரா உருளத் தண்டவாளம் போட, லைட் மாற்ற நேரம் இல்லாவிட்டால் "தோளில் தூக்கு" என்பார்கள். அடி விழாதது தெரியக் கூடாது என்றால் குலுக்குவார்கள். இதைச் சொல்வதால் என் தொழிலுக்கு நான் துரோகம் செய்வதாக நினைக்கவில்லை.

இரவுக்காட்சி:
நான் இதற்கு மாறாகப் பேச வேண்டியிருக்கிறது.

கையில் பிடித்த கேமரா இல்லாவிட்டால் சினிமாவின் பாதி உயிர் போய்விடும். 1966இல் வந்த 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' பார்த்தவர்களுக்குத் தெரியும், செய்திப்படம் போலவே இருக்கும். ஒரு அடிகூடச் செய்திப்படக் காட்சி இல்லை என்று அமெரிக்கப் பிரதிகளில் அறிவிப்பே போட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர் பற்றிய 'சேவிங் பிரைவேட் ரையன்' படத்தின் நார்மண்டி கரையிறக்கத்தை டிரைபாடில் வைத்து எடுத்திருந்தால் அந்தக் கடற்கரையின் கொடூரம் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்? டென்மார்க்கில் 1995இல் சில இயக்குநர்கள் சேர்ந்து டாக்மே என்ற சினிமா இயக்கத்தைத் தொடங்கியபோது கேமரா கையில்தான் இருக்க வேண்டும் என்று விதியே வைத்தார்கள். ஸ்டுடியோவும் பணமும் இல்லாதவர்களுக்கும் சினிமா சாத்தியம் என்ற நம்பிக்கை அதிலிருந்துதான் பலருக்கு வந்தது. 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' நடிகர்களே கேமரா பிடித்து எடுத்த படம். அதன் திகில் முழுவதும் அந்தத் தடுமாற்றத்தில்தான் இருக்கிறது.

நாமும் ஓடும்போது உலகத்தை ஆடித்தான் பார்க்கிறோம். உண்மையான அனுபவம் அது. சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக இயக்குநர்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை.

செவிப்பறை:
ஒரே ஒரு இடத்தில் குறுக்கிடுகிறேன் நண்பரே. ஓடும்போது நாம் உலகத்தை ஆடிப் பார்ப்பதில்லை. இப்போதே சோதித்துப் பாருங்கள். இந்த வரியைப் படித்துக்கொண்டே தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள், எழுத்து நிலையாகத்தான் இருக்கும். இனி தலையை அசைக்காமல் போனை அதே வேகத்தில் ஆட்டுங்கள், படிக்க முடியாது. தலை ஒரு பக்கம் திரும்பினால் அதே அளவு எதிர்ப்பக்கம் கண்ணைத் திருப்பும்படி உட்செவி கண் தசைகளுக்கு உடனுக்குடன் கட்டளை அனுப்புகிறது. நூறில் ஒரு விநாடி அளவில் நடந்துவிடும் வேலை அது. அந்த உறுப்பு இரண்டு காதிலும் கெட்டுப்போனவர்களுக்குத்தான் நடக்கும்போது தெருவே துள்ளுகிற மாதிரி தெரியும். அவர்கள் படும் பாட்டைப் பார்த்தவள் நான். கேமராவுக்கு அந்த உட்செவி கிடையாது. அதனால் குலுங்கும் படம் மனிதக் கண் பார்க்கும் உலகம் இல்லை.

இரவுக்காட்சி:
சோதித்தேன் டாக்டர், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. ஆனாலும் என் வாதத்தின் மையம் அப்படியே நிற்கிறது என்று நினைக்கிறேன். கண் அப்படிப் பார்க்கிறதோ இல்லையோ, போரும் கலவரமும் நமக்கு வந்து சேர்ந்ததெல்லாம் செய்தியாளர்களின் தோளிலிருந்துதான். ஆடுகிற படம் என்றாலே "யாரோ உயிரைப் பணயம் வைத்து நின்று எடுத்தது" என்று மனதில் பதிந்திருக்கிறது. இயக்குநர்கள் எடுத்தாளுவது அந்த நினைவைத்தான். அதை இழக்க எனக்கு மனமில்லை.

தாமரைக்கொடி:
இரவுக்காட்சி, நீங்கள் சொன்ன படங்களை எடுக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. அந்த நார்மண்டிக் காட்சியை நானும் வீட்டில் சின்னத் திரையில் பார்த்து அழுதிருக்கிறேன். முன்கூட்டிச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். படத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டாம், கேமரா எப்படி இருக்கும் என்று மட்டும் சொன்னால் போதும். அப்படிச் சொன்னால் யாருடைய கலைக்கும் குறைவு வராது.

மழலைத்தாய்:
டாக்டர், ஒரு சந்தேகம். என் பையனுக்கு எட்டு வயசு. கார்ட்டூன் படத்துக்குப் போனாக்கூட முன் வரிசைன்னா வாந்தி எடுத்துடறான். ஊட்டி போறப்ப மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற அவோமின் மாத்திரையை சினிமாவுக்கு முன்னாடியும் கொடுக்கலாமா? மாமியார் இஞ்சி மரப்பா போதும்ங்கறாங்க.

செவிப்பறை:
அம்மா, அவோமினில் இருப்பது புரோமெத்தசின். குமட்டலைத் தடுக்கும், ஆனால் நன்றாகத் தூக்கம் வரும். குழந்தை படம் பார்க்காமல் தூங்கிவிடுவான். இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. அதற்கு மேல் உள்ள குழந்தைகளுக்கும் எடை பார்த்து அளவு சொல்ல வேண்டும், அதனால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். பெரியவர்கள் போட்டுக்கொண்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, மது கூடவே கூடாது.

எந்த மாத்திரையானாலும் குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் பெரிய பலன் இருக்காது. அந்த நேரத்தில் இரைப்பை தன் வேலையை நிறுத்திவிடும், மருந்து குடலுக்குப் போய் ரத்தத்தில் சேராது. இஞ்சி சிலருக்கு உதவுகிறது, ஆய்வு முடிவுகள் கலந்துதான் வருகின்றன. மரப்பாவால் பையனுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, மாமியார் சொல்வதையே முதலில் செய்து பாருங்கள். ஆனால் முன் வரிசையை விடுங்கள், அதுதான் முக்கியம்.

எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. தியேட்டரை விட்டு வந்தும் பல மணி நேரம் சுற்றல் நிற்கவில்லை, படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது, ஒரு காது கேட்கவில்லை, இரைச்சல், பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் என்று எதுவாவது இருந்தால் அது சினிமாவால் வந்தது இல்லை. உடனே மருத்துவரைப் பாருங்கள். திரை பளிச் பளிச்சென்று மின்னும்போது வலிப்பு வருவதும் வேறு விஷயம். 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு பகுதியைப் பார்த்த நூற்றுக்கணக்கான குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அந்த வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

திரைக்கட்டு:
சின்ன ஊர்த் தியேட்டரின் மேலாளர் நான். சீட் விஷயத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

எங்கள் திரை 12 மீட்டர் அகலம். திரையிலிருந்து 6 மீட்டரில் இருக்கும் வரிசையில் உட்கார்ந்தால் திரை உங்கள் பார்வையில் 90 டிகிரியை அடைத்துக்கொள்ளும். 20 மீட்டரில் இருக்கும் பின் வரிசையில் 33 டிகிரிதான். டாக்டர் சொன்ன "பார்வையின் பெரும்பகுதி" இதுதான். பின்னால் போனால் திரையைச் சுற்றி அசையாத சுவர், திரைச்சீலை, முன்னால் இருப்பவர்களின் தலை எல்லாம் கண்ணில் படும், கண்ணுக்கு ஒரு நிலையான பிடி கிடைக்கும். வீட்டு டிவியில் தொந்தரவு இல்லாததும் இதனால்தான். 43 இஞ்ச் டிவியைப் பத்தடி தள்ளிப் பார்த்தால் 18 டிகிரிகூட வராது, கூடத்தில் விளக்கும் எரியும்.

ஆகவே பின் வரிசை, நடு இருக்கை. ஓரமாக உட்கார்ந்தால் படம் சாய்ந்து தெரியும், அது இன்னொரு தொல்லை. தொந்தரவு ஆரம்பித்தால் திரையை விட்டு வெளியேறும் வழியின் பச்சை விளக்கைப் பாருங்கள். முழுசாக முற்றும்வரை பிடிவாதமாக உட்கார வேண்டாம், எழுந்து வந்தால் நாங்கள் தண்ணீர் கொடுப்போம்.

அறிவிப்புப் பற்றித் தாமரைக்கொடி கேட்டது நியாயம். 2008இல் 'குளோவர்ஃபீல்ட்' வந்தபோது அமெரிக்காவில் ஏஎம்சி என்ற நிறுவனத்தின் தியேட்டர்களில், படம் எடுத்த விதத்தால் குமட்டல் வரலாம் என்று வாசலிலேயே ஒட்டினார்கள். 2018இல் 'இன்கிரெடிபிள்ஸ் 2' படத்துக்கு மின்னும் ஒளி பற்றி எச்சரித்து அறிவிப்பு வைத்தார்கள். இரண்டு படமும் நன்றாகவே ஓடின, அறிவிப்பால் வசூல் விழவில்லை. நம் ஊரில் புகைபிடிக்கும் காட்சிக்கு எச்சரிக்கை போடப் பழகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஒரு அட்டை ஒட்ட எங்களுக்கு என்ன செலவு? ஆனால் படம் வெள்ளிக்கிழமை காலைதான் எங்களுக்கே முழுசாகத் தெரியும். விநியோகஸ்தர் முன்னாலேயே ஒரு வரி சொன்னால் முதல் காட்சிக்கே ஒட்டிவிடலாம்.

கொல்லிமலைக்காரன்:
பழகிட்டா சரியாப் போயிடுமா டாக்டர்? கப்பல்ல வேலை பாக்குறவங்களுக்குப் போகப் போகப் பழகிடுதுன்னு சொல்றாங்களே.

செவிப்பறை:
உண்மை தம்பி. கப்பலில் ஏறிச் சில நாளில் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும், மூளை புதிய கணக்கைக் கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்குத் தொடர்ச்சி வேண்டும். எப்போதாவது இரண்டு மணி நேரம் பார்ப்பதில் அந்தப் பயிற்சி கிடைக்காது. கஷ்டப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால் சிலருக்குத் தியேட்டர் வாசனையே குமட்டலைக் கிளப்பும் நிலை வந்துவிடும்.

நடைபயிற்சி:
இந்த இழையை முழுதாகப் படித்தேன். என் அனுபவம் கொஞ்சம் வேறு, யாருக்காவது பயன்படலாம்.

எனக்கு ஒரு பக்கக் காதின் சமநிலை நரம்பில் அழற்சி வந்தது. திடீரென்று ஒரு காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை, அறையே சுழன்றது. அந்தக் கடுமை அடங்கிய பிறகும் கூட்டமான கடைவீதி, சூப்பர் மார்க்கெட்டின் அலமாரி வரிசை, டிவியில் கேமரா வேகமாகத் திரும்புவது இதெல்லாம் தாங்காமல் போனது. காது தரும் தகவல் குறைந்ததால் என் மூளை கண்ணை அளவுக்கு மீறி நம்ப ஆரம்பித்துவிட்டது என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். அதற்கு முன் எந்தப் படமும் என்னைப் படுத்தியதில்லை.

சிகிச்சையில் எதைக் கொடுத்தார்கள் தெரியுமா? ஆடுகிற படங்களையே. முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, தூரத்தில், சின்னத் திரையில், கோடுகள் மெல்ல நகரும் காட்சி. கொஞ்சம் சுற்றல் வரும்வரைதான் பார்க்க வேண்டும், உடனே ஓய்வு. அப்புறம் நின்றுகொண்டு, அப்புறம் நடந்துகொண்டு. அளவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அங்கே என் கையில் இருந்தது, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். தியேட்டரில் அது என் கையில் இல்லை. மாதக்கணக்கில் செய்து இப்போது ஓரளவு தேறிவிட்டேன், பின் வரிசையில் உட்கார்ந்து படம் பார்க்கிறேன்.

இதை எழுதக் காரணம், தியேட்டரில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் "படம் பிடிக்கலையா" என்று கேலி பேசாதீர்கள். அவருக்குப் படம் ரொம்பப் பிடித்திருக்கலாம்.

இரவுக்காட்சி:
நடைபயிற்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அறிவிப்பு வைப்பதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை, வைக்கத்தான் வேண்டும். கேமராவைக் கையில் பிடித்து எடுத்த படங்களுக்கு உண்மையான ரசிகர்கள் கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள்.

மூன்றாம் கேமரா:
நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் பேசப்படாத, ஆனால் எல்லாவற்றுக்கும் வேரான விஷயம்.

ஷூட்டிங்கில் இயக்குநர் காட்சியைப் பார்ப்பது கையகல மானிட்டரில். எடிட்டிங்கில் மேசை மேல் இருக்கும் கணினித் திரையில். வண்ணம் சேர்க்கும்போதுதான் பெரிய திரை, அப்போது தொகுப்பு முடிந்து, இனி மாற்ற முடியாதபடி படம் பூட்டப்பட்டிருக்கும். திரைக்கட்டு அண்ணன் சொன்ன 90 டிகிரியில் அந்தக் காட்சி எப்படி இருக்கும் என்பதை எடுத்தவர்களே பார்ப்பதில்லை. மானிட்டரில் "எனர்ஜி" என்று தெரிவது 12 மீட்டர் திரையில் வேறொன்றாக மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, எடுத்தவருக்கும் தொகுத்தவருக்கும் அடுத்து கேமரா எங்கே திரும்பும் என்று மனப்பாடம். கார் ஓட்டுகிறவருக்குக் குமட்டாமல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் குமட்டுவதும் இதே காரணத்தால்தான்.

எனவே தொகுப்பு முடியும் முன் சண்டைக் காட்சிகளை மட்டுமாவது ஒரு தியேட்டரில் போட்டு, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்தே இராத நாலு பேரையும், முடிந்தால் ஒற்றைத் தலைவலி உள்ள ஒருவரையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் குலுக்கல் வேண்டும் என்று தோன்றினால் வைத்துக்கொள்ளட்டும், அது தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கும். ரோலை மட்டும் மென்பொருளில் நேராக்கினாலே பாதித் தொல்லை தீரும், படத்தின் துடிப்பும் போகாது. நான் வேலை செய்யும் படத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். ஒளிப்பதிவாளர் ஒத்துக்கொண்டார், இயக்குநரிடம் பேச வேண்டும்.

திரைக்கட்டு:
தம்பி, காலைக் காட்சிக்கு முன்னால் எங்கள் திரை காலியாகத்தான் இருக்கும். உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு மணி நேரம் தருகிறேன். பணம் வேண்டாம்.

தாமரைக்கொடி, டிக்கெட் கவுன்டரில் ஒட்ட இப்படி எழுதியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்: "இந்தப் படத்தில் கேமரா அதிகம் குலுங்கும் காட்சிகள் உள்ளன. பயணத்தில் குமட்டல், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் பின் வரிசை கேட்டு வாங்கவும். தொந்தரவு ஏற்பட்டால் ஊழியரிடம் சொல்லவும்."

தாமரைக்கொடி:
ரொம்ப நன்றி அண்ணா. "குழந்தைகளை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டாம்" என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஆன்லைனில் டிக்கெட் எடுப்பவர்கள் கவுன்டருக்கே வர மாட்டார்களே, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

திரைக்கட்டு:
சேர்த்துவிட்டேன். உள்ளே நுழையும் கதவிலும் ஒன்று ஒட்டச் சொல்லியிருக்கிறேன். முன் வரிசை எடுத்துவிட்டு வந்து கேட்டால், பின்னால் காலி இருக்கும்வரை மாற்றித் தரச் சொல்லி டார்ச் பிடிக்கும் பையன்களிடமும் சொல்லியாயிற்று. ஆன்லைனில் நாங்களாக ஒரு வரி போட முடியுமா என்று டிக்கெட் தளத்துக்காரர்களிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.